கணிப்பான் இல்லாமல் பீஎச்: அமில, மூலக் கணக்குகளுக்கு முழு வழிகாட்டி

உயர்தர இரசாயனவியல் பரீட்சையில் கணிப்பானுக்கு இடமில்லை. எல்லோருக்கும் தெரிந்த விடயம்தான். ஆனாலும் வீட்டில் பயிற்சி செய்யும்போது முக்கால்வாசிப் பேர் போனை எடுத்துத் தட்டித்தான் பீஎச் காண்கிறார்கள், பிறகு மண்டபத்துக்குள் போய் 1.8 இன் மடக்கை என்னவென்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சனிக்கிழமை ரியூசன் விட்டு வரும் பிள்ளையை நிறுத்திக் கேட்டால் சூத்திரம் எல்லாம் ஒப்புவிக்கும். எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று கேட்டால்தான் முழிக்கும்.

என் கட்சி இதுதான்: பீஎச் கணக்கில் பீஎச் கடைசி வரி. முகவைக்குள் என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை மூல் (துணிக்கைகளின் தொகையை அளக்கும் அலகு) என்று முதலில் எழுதிவிட்டால் கணக்கு ஏறக்குறைய முடிந்த மாதிரி. மிச்சம் அரை நிமிட வேலை. அந்த அரை நிமிட வேலையையும் கையாலேயே செய்யப் பழகலாம்.

முதலில் முகவைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

புரோத்தனை, அதாவது ஐதரசன் அயனை, கொடுப்பது அமிலம், வாங்குவது மூலம். 1923 இல் டென்மார்க்கின் பிரொன்ஸ்ரெட்டும் இங்கிலாந்தின் லவுறியும் தனித்தனியாக இந்த வரைவிலக்கணத்துக்கு வந்தார்கள். அதற்கு முன் சுவீடன்காரரான அரீனியசு சொன்னது, நீரில் ஐதரசன் அயனை விடுவது அமிலம், ஐதரொட்சைட்டு அயனை விடுவது மூலம் என்று. சோடியம் ஐதரொட்சைட்டுக்கு அரீனியசே போதும். அமோனியாவுக்குள் ஐதரொட்சைட்டே கிடையாது, ஆனாலும் அது மூலம். நீரிடமிருந்து ஒரு புரோத்தனைப் பறித்து நீரை ஐதரொட்சைட்டாக விட்டுவிடுகிறது. அங்கேதான் பிரொன்ஸ்ரெட் தேவைப்படுகிறார்.

அடுத்து வன்மை. ஐதரோகுளோரிக் அமிலமும் நைத்திரிக் அமிலமும் நீரில் போனால் முழுதாகப் பிரிந்துவிடும், ஆகவே அவை வன்னமிலங்கள். வினாகிரியில் இருக்கும் அசற்றிக் அமிலம் அப்படியில்லை. லீற்றருக்கு 0.1 மூல் செறிவில் எடுத்தால் நூறு மூலக்கூறில் ஒன்று சொச்சம்தான் பிரியும், மற்றதெல்லாம் முழு மூலக்கூறாகவே மிதந்துகொண்டிருக்கும். இதுதான் மென்னமிலம். வன்மை ஆளின் குணம், செறிவு ஆட்களின் தொகை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் போகிற புள்ளிகள் கொஞ்சநஞ்சமல்ல. “ஐதான வன்னமிலம்” என்பதும் “செறிந்த மென்னமிலம்” என்பதும் முரண்பாடில்லாத, ஆய்வுகூடத்தில் அன்றாடம் கையாளும் பொருட்கள்.

சல்பூரிக் அமிலத்தில் மட்டும் ஒரு சின்னச் சிக்கல். முதலாவது புரோத்தன் முழுதாகப் போகும், இரண்டாவது போகாது (எவ்வளவு பிரியும் என்று காட்டும் அதன் கூட்டற்பிரிகை மாறிலி ஏறக்குறைய 0.012). சாதாரணதரக் கணக்குகளில் இரண்டும் போய்விட்டதாக எடுப்பார்கள், வினா அப்படிச் சொன்னால் நீங்களும் அப்படியே எடுங்கள், அதோடு வாதாடத் தேவையில்லை.

மடக்கையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

பீஎச் என்பது ஐதரசன் அயன் செறிவின் மடக்கைக்கு முன்னால் ஒரு சய அடையாளம், அவ்வளவுதான். 1909 இல் கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் வேலை செய்த சோரன்சன் கொண்டுவந்தது. ஆம், அந்த பியர் கம்பனியின் ஆய்வுகூடம்தான். 0.0000001 என்று எழுதி எழுதி யாருக்கும் கை வலிக்காமல் இருக்க அவர் செய்த உதவி.

பாடமாக்க வேண்டியது மூன்று இலக்கம்: 2 இன் மடக்கை 0.30, 3 இன் மடக்கை 0.48, 7 இன் மடக்கை 0.85. இதற்கு மேல் எதையும் பாடமாக்காதீர்கள், மிச்சத்தைப் பிறப்பிக்கலாம். 4 என்றால் 0.60. 5 என்பது 10 ஐ 2 ஆல் பிரித்தது, ஆகவே 1 இலிருந்து 0.30 போக 0.70. 6 என்றால் 0.78, 8 என்றால் 0.90, 9 என்றால் 0.96. 1.8 என்பது 18 ஐ 10 ஆல் பிரித்தது, 18 என்பது 2 பெருக்கல் 9, ஆகவே 0.30 உம் 0.96 உம் சேர்ந்து 1.26, அதில் 1 போக 0.26. இதனால் அசற்றிக் அமிலத்தின் மாறிலி 1.8×10⁻⁵ என்று வினாத்தாளில் தந்தால், அதன் பீகேஏ (மாறிலியின் மடக்கைக்கு முன்னால் சய அடையாளம்) 5 இலிருந்து 0.26 போக 4.74 என்று பேனையை எடுக்க முன்னமே வந்துவிடும்.

சரி பார்க்க ஒரு வழி: ஐதரசன் அயன் செறிவு 3×10⁻⁴ என்றால் பீஎச் 4 க்கும் 3 க்கும் இடையில் விழ வேண்டும். 4 இலிருந்து 0.48 போக 3.52. விடை 4.48 என்று வந்தால் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டீர்கள். இந்தப் பிழை அடிக்கடி நடக்கும், ஒரு கணம் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

வன்னமிலம், வன்மூலம்: வெறும் மூல் கணக்கு

லீற்றருக்கு 0.02 மூல் சோடியம் ஐதரொட்சைட்டு என்றால் ஐதரொட்சைட்டு 2×10⁻², அதன் பீஓஎச் (ஐதரொட்சைட்டுச் செறிவுக்கு அதே மடக்கைக் கணக்கு) 1.70, 25 பாகையில் பீஎச் உம் பீஓஎச் உம் சேர்ந்து 14 என்பதால் பீஎச் 12.30. முடிந்தது.

கலக்கச் சொன்னால்? 40 மில்லிலீற்றர் ஐதரோகுளோரிக் அமிலத்தையும் 20 மில்லிலீற்றர் சோடியம் ஐதரொட்சைட்டையும் சேர்க்கிறோம், இரண்டும் லீற்றருக்கு 0.10 மூல் என்று வையுங்கள். அமிலம் 4 மில்லிமூல், காரம் 2 மில்லிமூல். ஒன்றை ஒன்று தின்றுவிட்டு 2 மில்லிமூல் அமிலம் மிஞ்சும். மொத்தக் கனவளவு இப்போது 60 மில்லிலீற்றர், 40 அல்ல. செறிவு 2 ஐ 60 ஆல் பிரிக்க 3.33×10⁻². 3.33 என்பது 10 ஐ 3 ஆல் பிரித்தது, மடக்கை 0.52. பீஎச் 1.48.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பீஎச் ஐச் சராசரி எடுக்கக் கூடாது. பீஎச் 2 உள்ள வன்னமிலத்தையும் பீஎச் 4 உள்ள வன்னமிலத்தையும் சம கனவளவில் கலந்தால் 3 வராது. முதலாவதில் இரண்டாவதைவிட நூறு மடங்கு ஐதரசன் அயன் இருக்கிறது; கலந்த பின் 0.0101 ஐ 2 ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 5×10⁻³, பீஎச் 2.30. இரண்டாவது போத்தலில் வெறும் தண்ணீர் இருந்திருந்தாலும் ஏறக்குறைய இதே விடைதான் வந்திருக்கும்.

ஐதாக்கலில் பத்து மடங்குக்கு ஒரு பீஎச் ஏறும்: 3 இலிருந்து 4, 4 இலிருந்து 5. ஆனால் பீஎச் 3 உள்ள அமிலத்தை ஒரு இலட்சம் மடங்கு ஐதாக்கினால் 8 வருமா? அமிலத்தில் தண்ணீர் ஊற்றி யாரும் காரம் செய்ததில்லை. 10⁻⁸ என்ற அளவுக்கு அமிலம் இறங்கிவிட்டால் நீர் தானாகப் பிரிந்து தரும் 10⁻⁷ ஐயும் கணக்கில் எடுக்க வேண்டும், விடை 6.98. பல்தேர்வில் 8 என்ற தெரிவை உங்களுக்காகவே வைத்திருப்பார்கள்.

மென்னமிலத்துக்கு ஒரு குறுக்கு வழி

வர்க்கமூலம் எடுக்கச் சொல்லித்தான் எல்லோரும் படிப்பிப்பார்கள்: கூட்டற்பிரிகை மாறிலியைச் செறிவால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, பிறகு மடக்கை. கணிப்பான் இல்லாமல் 1.8×10⁻⁶ இன் வர்க்கமூலம் எடுப்பது வீண் மினக்கேடு. மடக்கையை முதலிலேயே எடுத்துவிட்டால் வர்க்கமூலம் என்பது இரண்டால் பிரித்தலாக மாறிவிடும்:

பீஎச் = (பீகேஏ − செறிவின் மடக்கை) ÷ 2

செறிவு 0.1 என்றால் அதன் மடக்கை −1, ஆகவே 4.74 உடன் 1 ஐக் கூட்டி இரண்டால் பிரிக்க 2.87. அதே செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலம் 1.00. கிட்டத்தட்ட இரண்டு பீஎச் வித்தியாசம். இந்தச் சூத்திரத்திலிருந்தே இன்னொன்றும் விளங்கும்: மென்னமிலத்தைப் பத்து மடங்கு ஐதாக்கினால் பீஎச் ஒன்று ஏறாது, அரைதான் ஏறும்.

அமைப்புக் கட்டுரையில் இதை நேராக எழுதாமல், சமநிலைத் தாக்கத்தையும் “பிரிந்த அளவு மிகச் சிறிது, ஆகவே புறக்கணிக்கலாம்” என்ற எடுகோளையும் எழுதிவிட்டு வாருங்கள். புள்ளி அந்த வரிகளுக்குத்தான்.

வினாகிரி நியமிப்பு: முழுப் பாடமும் ஒரே குடுவையில்

மென்னமிலம், தாங்கற் கரைசல், உப்பின் நீர்ப்பகுப்பு, காட்டித் தெரிவு எல்லாம் இந்த ஒரு பரிசோதனைக்குள் இருக்கின்றன. நியமிப்பு என்றால், செறிவு தெரிந்த காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அமிலத்தின் செறிவைக் காண்பது. ஆகவே இதை ஆறுதலாகப் பார்ப்போம்.

வினாகிரியில் 25 மில்லிலீற்றர் எடுத்து நீர் சேர்த்து 250 ஆக்குகிறோம், அதாவது பத்து மடங்கு ஐதாக்கல். அதில் 25 மில்லிலீற்றரைக் குழாயியால் கூம்புக் குடுவைக்குள் விட்டு, அளவியில் லீற்றருக்கு 0.100 மூல் சோடியம் ஐதரொட்சைட்டு. நிறம் மாறி முடிவைக் காட்டும் காட்டியாகப் பினோத்தலீன் இரண்டு துளி. 20.0 மில்லிலீற்றரில் இளஞ்சிவப்பு வந்து நிற்கிறது என்று வையுங்கள். காரம் 2.0 மில்லிமூல், அமிலமும் 2.0 மில்லிமூல், குடுவையில் இருந்தது லீற்றருக்கு 0.080 மூல், ஐதாக்க முந்திய வினாகிரி 0.80 மூல். அசற்றிக் அமிலத்தின் மூலர்த் திணிவு 60, ஆகவே லீற்றருக்கு 48 கிராம், நூற்றுக்கு 4.8.

குடுவையைக் கழுவும் விதத்திலும் மூல்தான் பேசுகிறது. அளவியை நீரால் கழுவிய பின் உள்ளே விடப்போகும் காரத்தாலும் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் நீர் செறிவைக் குறைத்துவிடும். கூம்புக் குடுவையை மட்டும் அமிலத்தால் கழுவவே கூடாது. அதற்குள் எத்தனை மூல் போகிறது என்பது குழாயி தீர்மானித்த விடயம், சுவரில் ஒட்டியிருக்கும் அமிலம் அதைக் கூட்டிவிடும். நீர் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை, நீர் மூலைக் கூட்டவும் மாட்டாது குறைக்கவும் மாட்டாது. காரணத்தோடு எழுதினால்தான் இதற்கு முழுப்புள்ளி.

இப்போது குடுவைக்குள் பீஎச் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். தொடக்கத்தில் மென்னமிலம் மட்டும்: 0.08 இன் மடக்கை −1.10, ஆகவே 4.74 உம் 1.10 உம் கூட்டி இரண்டால் பிரிக்க 2.92.

காரம் 5 மில்லிலீற்றர் போனதும் அமிலத்தில் 0.5 மில்லிமூல் அசற்றேற்று அயனாக மாறியிருக்கும், 1.5 மிஞ்சியிருக்கும். மென்னமிலமும் அதன் இணைமூலமும் (புரோத்தனை இழந்த பின் மிஞ்சுவது, இங்கே அசற்றேற்று) ஒன்றாக இருந்தால் அது தாங்கற் கரைசல். இதற்கு

பீஎச் = பீகேஏ + மடக்கை (இணைமூலத்தின் மூல் ÷ மிஞ்சிய அமிலத்தின் மூல்)

விகிதம் மூன்றிலொன்று, மடக்கை −0.48, பீஎச் 4.26. இரண்டும் ஒரே கனவளவில் இருப்பதால் செறிவு காணத் தேவையே இல்லை, மூலை மூலால் பிரித்தால் போதும். 10 மில்லிலீற்றரில் இரண்டும் சமம், பீஎச் 4.74. 15 இல் விகிதம் தலைகீழாகி 5.22. பாருங்கள், 5 இலிருந்து 15 வரை பத்து மில்லிலீற்றர் காரம் ஊற்றியும் பீஎச் ஒன்றுகூட முழுதாக ஏறவில்லை. இதே வகை ஏற்பாடுதான் நம் குருதியிலும், காபோனிக் அமிலத்தையும் இருகாபனேற்றையும் வைத்துக்கொண்டு, பீஎச் ஐ 7.35 க்கும் 7.45 க்கும் இடையில் பிடித்து வைத்திருக்கிறது.

20 மில்லிலீற்றரில் சமவலுப் புள்ளி. அமிலம் முடிந்தது, காரமும் முடிந்தது, மிஞ்சியது சோடியம் அசற்றேற்று. நடுநிலை என்று எழுத வேண்டாம்! அசற்றேற்று மென்னமிலத்தின் இணைமூலம், நீரிடம் புரோத்தனைக் கொஞ்சம் வாங்கிவிடும். 2.0 மில்லிமூல், 45 மில்லிலீற்றர், செறிவு 0.044, அசற்றேற்றின் மாறிலி நீரின் மாறிலியான 10⁻¹⁴ ஐ 1.8×10⁻⁵ ஆல் பிரிக்க 5.6×10⁻¹⁰, பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஐதரொட்சைட்டு ஏறக்குறைய 5×10⁻⁶. பீஓஎச் 5.30, பீஎச் 8.70.

ஒரு துளி என்பது சுமார் 0.05 மில்லிலீற்றர். 19.95 இல் பீஎச் 7.34, 20.00 இல் 8.70, 20.05 இல் 10.05. இரண்டு துளிக்குள் 7 சொச்சத்திலிருந்து 10 ஐத் தாண்டிவிடுகிறது. பினோத்தலீன் நிறம் மாறுவது 8.3 க்கும் 10 க்கும் இடையில், அதாவது அந்த இரண்டு துளிக்குள். மெதயிற் செம்மஞ்சளைப் போட்டிருந்தால்? அது 3.1 இல் தொடங்கி 4.4 இல் மஞ்சளாகி முடிந்துவிடும். இந்தக் குடுவையில் 4.4 வருவது ஆறு மில்லிலீற்றர் சொச்சத்திலேயே. உண்மையான முடிவில் மூன்றிலொன்றுகூட வரவில்லை, அதுவும் சட்டென்று மாறாமல் மெல்ல மெல்ல வழுகிக்கொண்டு போகும். “வன்மூலம், மென்னமிலம் என்றால் பினோத்தலீன்” என்று பாடமாக்குவதைவிட இந்த எண்களை ஒருதரம் கையால் செய்து பார்ப்பது மேல்.

குடுவையை வெள்ளை ஓட்டின் மேல் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருங்கள். காரம் விழும் இடத்தில் இளஞ்சிவப்பு ஒரு புள்ளியாகத் தோன்றிச் சுழற்றியதும் மறையும். மறைய நேரம் எடுக்கத் தொடங்கினால் இனித் துளித் துளியாக. அரை நிமிடம் நிற்கும் மங்கல் இளஞ்சிவப்புத்தான் முடிவு. கொஞ்ச நேரத்தில் அதுவும் வெளிறிவிடும், வளியிலிருந்து காபனீரொட்சைட்டு கரைந்து பீஎச் ஐ இறக்குவதால். அதைப் பார்த்து இன்னொரு துளி விடாதீர்கள்.

உப்பு என்றால் நடுநிலை என்று யார் சொன்னது?

சோடியம் குளோரைட்டு நடுநிலை, சரி. அமோனியம் குளோரைட்டு அமிலத் தன்மை, சோடியம் காபனேற்று காரத் தன்மை. உப்பின் பெற்றோர் அதை உண்டாக்கிய அமிலமும் மூலமும்; எந்தப் பெற்றோர் மென்மையானவரோ அவருடைய பிள்ளைதான் நீரோடு சண்டை பிடிக்கும். சின்ன அயனில் பெரிய மின்னேற்றம் இருந்தாலும் இதே கதை. அலுமினியம் அயனைச் சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகள் புரோத்தனை இழக்கும். அதனால்தான் ஆற்றுநீரைத் தெளிய வைக்க அலுமினியம் சல்பேற்றுப் போட்டால் பீஎச் இறங்கிவிடுகிறது, பிறகு சுண்ணாம்பு சேர்த்து ஏற்றுவார்கள். இலங்கைக் குடிநீர்த் தரம் கேட்கும் பீஎச் 6.5 இலிருந்து 8.5 வரை.

7 ஒரு புனித எண் அல்ல

நடுநிலை என்றால் ஐதரசன் அயனும் ஐதரொட்சைட்டும் சமம் என்பதே. 25 பாகையில் அது 7.00. நீர் பிரிவது வெப்பத்தை உறிஞ்சும் தாக்கம், ஆகவே சூடாக்கினால் கூடப் பிரியும். உடல் வெப்பநிலையான 37 பாகையில் நடுநிலை 6.8. அப்போது பீஎச் 6.8 உள்ள தூய நீர் அமிலமா? இல்லை. 25 பாகையிலேகூட 55 கோடி நீர் மூலக்கூறுக்கு ஒன்று என்ற அளவில்தான் பிரிந்திருக்கும். வினாவில் வெப்பநிலை வேறாக இருந்தால் 14 ஐ எடுத்துப் போடாமல், தந்திருக்கும் நீரின் மாறிலியைப் பாவியுங்கள்.

குசினியில் செய்து பார்க்க

மாடிவீட்டில் ஆய்வுகூடம் வைக்க முடியாது, பரவாயில்லை. சிவப்புச் செவ்வரத்தம்பூ நாலைந்தின் இதழைக் கொதிநீரில் போட்டு ஆறவிட்டு வடித்தால் ஊதா கலந்த நீர் கிடைக்கும். தேசிக்காய்ச் சாறு விட்டால் பளிச்சென்று சிவக்கும், அப்பச்சோடாக் கரைசலில் பச்சைப் பக்கம் திரும்பும். மஞ்சள் தூள் அமிலத்தில் மாறாது, காரத்தில் செந்நிறமாகும். கலியாண வீட்டு ஆராத்தித் தட்டில் மஞ்சள் நீருக்குள் சுண்ணாம்பு போட்டதும் சிவப்பது இதனால்தான். எண்ணாகவே வேண்டுமென்றால் மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் சோதனைத் தாள் கேட்டுப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் கொதித்த கேத்திலின் அடியில் படியும் வெள்ளையில் பெரும்பங்கு கல்சியம் காபனேற்று, வினாகிரி விட்டால் குமிழி விட்டுக் கரையும். இங்கே கொழும்புக் குழாய் நீரில் அவ்வளவாகப் படியாது, அந்தப் பரிசோதனைக்கு ஊரிலிருந்துதான் கேத்தில் வர வேண்டும்.

கவனம் வேண்டியது இரண்டு. மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தையும் துணி வெளிற்றும் திரவத்தையும் ஒன்றாகச் சேர்க்கவே வேண்டாம், குளோரின் வாயு வரும், சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. செறிந்த அமிலத்தை ஐதாக்கும்போது நீருக்குள் அமிலத்தை விடுங்கள், மறுவளமாக அல்ல.

கையால் செய்து பார்க்க மூன்று

ஒன்று: பீஎச் 1 உள்ள ஐதரோகுளோரிக் அமிலம் 10 மில்லிலீற்றருடன் நீர் 90 மில்லிலீற்றர். இரண்டு: லீற்றருக்கு 0.10 மூல் அமோனியா 20 மில்லிலீற்றருடன் அதே செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலம் 10 மில்லிலீற்றர். அமோனியாவின் மாறிலியும் 1.8×10⁻⁵. மூன்று: அதே அமோனியாவுடன் அமிலம் 20 மில்லிலீற்றர், இதற்குப் பினோத்தலீன் சரிவருமா?

விடைகள்: 2.00, 9.26, 5.28. மூன்றாவதற்குப் பினோத்தலீன் சரிவராது, சமவலுப் புள்ளி வர முன்னமே நிறம் போய்விடும். இரண்டாவதில் 4.74 என்று வந்திருந்தால் நீங்கள் கண்டது பீஓஎச்.